சத்தமில்லாத பட்டி

மேச்சேரியில் மாட்டுத்தீவனக் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. படியேறும்போது புண்ணாக்கு வாசனையும் கூடவே ஏறி வரும். செம்மறி வளர்ப்போர் சங்கத்தின் அலுவலகம் அதுதான். உள்ளே ஒரு மேசை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், சேலத்தில் பழையதாக வாங்கி வந்த ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் பெரியநாயகி முதன்முதலாக உட்கார்ந்தபோது அவளுக்கு நாற்பது வயது. எழுத்துக் கட்டைகளின் மேல் விரல் வைத்து இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது.

பிளஸ் டூ முடித்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து லோயரும் ஹையரும் பாஸ் செய்தவள் அவள். அதற்குப் பிறகு வேலை வரவில்லை, கல்யாணம் வந்தது. கணவன் பச்சமுத்துவின் வீட்டில் ஒரு பட்டி நிறைய ஆடு இருந்தது. டைப் மிஷினுக்கு அங்கே என்ன வேலை? ஆனால் விரல்கள் சில விஷயங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. மவுஸ்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. கட்டைகளின் மேல் வைத்ததும் பத்து விரலும் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

சங்கத்தின் வேலை எளிமையானது போலத் தோன்றும். மேச்சேரி ஆடு செவலை நிறம். கிடாவுக்கும் கொம்பு கிடையாது. வெளியூர்க்காரன் கண்ணுக்கு ஒரு கிடாவுக்கும் இன்னொரு கிடாவுக்கும் வித்தியாசமே தெரியாது. இனவிருத்திக்குக் கிடாக்குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, தகப்பன் எது என்று. ஆடு வளர்க்கிறவர்களுக்கு அது மனப்பாடம். ஆனால் அடுத்தவனின் மனப்பாடத்தை வாங்குகிறவன் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே ஒவ்வொரு தகப்பன் கிடாவுக்கும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது என்று சங்கத் தலைவர் குருமூர்த்தி முடிவு செய்தார். தகப்பன் படம் இருந்தால் குட்டி இனத்துக்குப் போகும். இல்லையென்றால் கறிக்குப் போகும்.

"சித்திரையில கரூர்ப் பக்கமிருந்து ஆளுங்க வாராங்க. அதுவரைக்கும் வந்து பாரும்மா. படமெல்லாம் தேடுனா கெடைக்கற மாரி இருந்துச்சுன்னா அப்பறம் பேசிக்கலாம்" என்றார் அவர். பெரியநாயகிக்கு வீட்டுக்கு வெளியே கிடைத்த முதல் வேலை இது. அது சித்திரைவரை ஒரு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆடு வளர்ப்பவர்கள் வாட்ஸ்அப்பில் குருமூர்த்திக்குப் படம் அனுப்புவார்கள். அவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, போன் நிரம்பிவிடாமல் இருக்க உடனே அழித்துவிடுவார். அப்படி ஏற்றியதெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. ஆடு, குட்டி, கோயில் தேர், யாரோ ஒருவரின் காலை வணக்கம், எல்லாம் சேர்ந்து. மவுஸால் அந்தக் குவியலைத் திறந்தால் பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்தையும் குட்டிக் குட்டியாக வரைந்து காட்ட முயன்று, பாதியில் மூச்சு நின்று போகும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், கம்ப்யூட்டரின் முதுகில் ஒட்டியிருந்த கடை நம்பருக்குப் போன் செய்தாள். சேலம் கடையில் அதை எடுத்தவள் ஜெர்லின். அந்தக் கம்ப்யூட்டரைச் சரிபார்த்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். முப்பது வயது இருக்கும்.

"அக்கா, மவுசைக் கீழ வைங்க. கருப்பா ஒரு விண்டோ இருக்கும், அதைத் திறங்க" என்றாள்.

"தொறந்துட்டேன் கண்ணு. ஒண்ணையும் காணோம். கெணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாரி இருக்குது."

"சின்னதா ஒரு கட்டம் கண் சிமிட்டுதா?"

"சிமிட்டுது."

"நீங்க சொல்றதுக்காகக் காத்துட்டு இருக்கு. எல், எஸ் அடிங்க. நடுவுல இடம் விடாம. அப்புறம் என்டர்."

பெரியநாயகி ls என்று அடித்தாள். மவுஸ் இரண்டு நாளாகத் திறக்காத குவியல் கண்ணிமைக்கும் நேரத்தில் பெயர்களாக ஓடி வந்து நின்றது. படங்கள் அல்ல, பெயர்கள் மட்டும். அவளுக்கு அது பழகிய காட்சிதான். மாலையில் பட்டி வாசலில் நின்றுகொண்டு உள்ளே நுழைகிற ஆடுகளைப் பச்சமுத்து பெயர் சொல்லிச் சொல்லி விடுவதைத் தினமும் பார்க்கிறவள் அவள்.

அதிலிருந்து ஜெர்லினின் மதியச் சாப்பாட்டு நேரம் பாடநேரம் ஆயிற்று. டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தமும் பேச்சும் சேர்ந்தே போனில் வரும். pwd என்றால் நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்று கேட்பது. cd என்றால் அந்த இடத்துக்குப் போவது. mkdir என்றால் புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்குவது. ஃபோல்டர் என்ற சொல் பெரியநாயகியின் வாயில் நிற்கவில்லை. பட்டி என்றே சொன்னாள். கொஞ்ச நாளில் ஜெர்லினும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"பட்டி போடச் சொன்னனே, போட்டீங்களாக்கா?"

"போட்டேன். என்டரும் அடிச்சேன். அது ஒண்ணுஞ் சொல்லலயே."

"ஒண்ணும் சொல்லலன்னா சரியா நடந்துடுச்சுன்னு அர்த்தம். தப்பு நடந்தாத்தான் அது பேசும்."

"எங்கூட்டுல அப்பிடியில்ல கண்ணு. பட்டி சத்தமில்லாம இருந்துச்சுன்னா நாய் பூந்திருக்குதுன்னு அர்த்தம்."

ஜெர்லின் சிரித்தாள். "இது ஆடு இல்லக்கா, மெஷின்."

அந்தப் பதில் பெரியநாயகிக்குப் போதுமானதாக இருந்தது. அப்போது போதுமானதாக இருந்தது என்று சொல்வதே சரி. ஒருவர் சும்மா இருப்பதற்குச் சம்மதம் என்று பொருள் சொல்வதும் வருத்தம் என்று பொருள் சொல்வதும் நாம்தான். சும்மா இருக்கிறவர் இரண்டையும் சொல்லவில்லை. ஆனால் புதிதாக ஒன்றைக் கற்கிறவர் ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏற முடியும்.

அடுத்து mv வந்தது.

"இது இடம் மாத்தறதுக்கு. பேர் மாத்தறதுக்கும் இதேதான்."

"ரெண்டும் வேற வேற இல்லீங்களா கண்ணு?"

"அதுக்கு ஒண்ணுதான்க்கா."

பெரியநாயகி யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் அப்படித்தான் நடந்தது. தாலி ஏறிய ஒரே நாளில் இருந்த ஊரும் மாறியது, பெயருக்குப் பின்னால் இருந்த பெயரும் மாறியது. சரி என்று விட்டுவிட்டாள்.

கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது rm. அழிக்கிற கட்டளை. "இதுல மட்டும் ஜாக்கிரதைக்கா. அழிச்சா போனதுதான். குப்பைத்தொட்டியில போய்த் தேடி எடுக்கல்லாம் முடியாது" என்றாள் ஜெர்லின். அன்றிலிருந்து r எழுத்தைத் தொடும்போதெல்லாம் பெரியநாயகிக்கு விரல் ஒரு கணம் தயங்கும். அவள் பயந்தது rm-க்கு. அவளைக் கவிழ்த்தது mv.

மார்கழிக்குள் பல வீடுகளுக்குத் தனித்தனியாகப் பட்டி போட்டு, படங்களுக்கு உரியவர் பெயரை வைத்து, காலை வணக்கங்களைக் கழித்து, குவியலைப் பாதியாக்கிவிட்டாள். வீட்டில் பச்சமுத்து விசாரிப்பான்.

"என்ன புள்ள, இன்னைக்கி எத்தன பட்டி போட்ட?"

"பத்து இருக்குமுங்க."

"படலு தூக்காம, கால்ல சேறு படாம பத்துப் பட்டி. நான் ஒரு பட்டி மாத்தறதுக்குள்ள இடுப்பு உட்டுப் போவுது. அந்த மிசினு நம்ம காட்டுக்கு வருமான்னு கேட்டுச் சொல்லு."

உரத்துக்காக ஊர்க்காரர்களின் விளைகாடுகளில் ஆட்டை அடைப்பவன் அவன். மூங்கில் படல்களைத் தோளில் சுமந்து போய் ஒரு காட்டில் நட்டு, நாலு நாள் கழித்துப் பிடுங்கி, அடுத்த காட்டில் நட வேண்டும். நடுகிறவரை அந்த இடத்தில் பட்டி என்று ஒன்று கிடையாது. அவன் மனைவிக்கு இது தெரியாதது அல்ல. நடக்க இருந்த தவறு அந்த அறியாமையால் வந்ததும் அல்ல.

மார்கழிக் கடைசியில் சங்கத்துக்குச் சாதாரணமாக வந்துபோன ஒருவர் திரையில் கந்தனின் கிடாவைப் பார்த்துவிட்டு, இது என்ன விலை என்று கேட்டுவிட்டார். கந்தன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், பெரியநாயகிக்கு மாமன் முறை. "முனியப்பனுக்கு உட்டதுக்கு வெல பேசறதுக்கா படம் புடிச்சீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனவர், பொங்கல் முடிந்தும் சங்கத்துப் பக்கம் வரவில்லை.

அந்தப் பக்கத்து ஊர்களில் மந்தையின் மிகச் சிறந்த குட்டியைத்தான் முனியப்பனுக்கு நேர்ந்து விடுவார்கள். காதில் ஒரு வெட்டு இருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கிடா யாருடையதும் அல்ல. எந்தக் காட்டிலும் மேயலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். கோயில் முன்னால் இருக்கும் வெட்டவெளியில் படுத்துக்கொள்ளும். அதை எவரும் பட்டியில் அடைக்க மாட்டார்கள். நல்ல கிடா, தடையில்லாமல் சுற்றுகிற கிடா என்பதால் ஊரில் பிறக்கும் நல்ல குட்டிகளில் பல அதனுடையதாகவே இருக்கும். மாசித் திருவிழாவில் முனியப்பனுக்கு வெட்டிவிடுவார்கள்.

"சாமி கிடாவையெல்லாம் தனியா வெச்சிரும்மா" என்றார் குருமூர்த்தி. "மொத்தம் ஒம்போது. வெல கேக்கறவன் கண்ணுல படக் கூடாது. ஆனா பத்தரமா வெய்யி. நோம்பி முடிஞ்சா அதுங்க இருக்காது. சித்திரையில குட்டிகளுக்குத் தகப்பன்னு காட்ட அந்தப் படந்தான் மிச்சம்."

பெரியநாயகி கருப்பு ஜன்னலைத் திறந்தாள். வழக்கப்படி முதலில் பட்டி போட mkdir அடிக்கப் போனவள் m-லேயே நின்றுவிட்டாள். சாமிக்கு விட்டதைப் பட்டியில் அடைப்பதா? கோயில் முன்னால் உள்ள வெட்டவெளியை யாரும் உண்டாக்கவில்லை. ஊருக்கு முன்பே அது அங்கே இருந்தது. சாமியின் இடத்தை நாம் போட வேண்டியதில்லை, அனுப்பி வைத்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்பதுகூட அதிகம். எண்ணமாகக்கூட அது உருப்பெறவில்லை. கை அப்படிப் போயிற்று.

mv kandan.jpg saami என்று அடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக் கிடாவை அனுப்பினாள். ஒன்றும் சொல்லவில்லை. இப்படி ஒவ்வொன்றாக அனுப்பி, தன் வீட்டுக் கிடாவைக் கடைசியாக வைத்தாள். நாலு பேர் பொருளோடு தன் பொருளும் இருந்தால் தன்னுடையதைக் கடைசியில் வைப்பதுதான் மரியாதை. முடிந்ததும் ls போட்டுப் பார்த்தாள். மற்ற பட்டிகளெல்லாம் நீல நிறத்தில் இருந்தன. saami மட்டும் வெள்ளையில் நின்றது. சாமியின் இடம் வேறு நிறத்தில் இருப்பது அவளுக்குப் பொருத்தமாகவே பட்டது.

மாசி வந்தது, திருவிழா முடிந்தது. திருவிழா வீடியோக்களைக் குருமூர்த்தி கம்ப்யூட்டரில் கொண்டுவந்து கொட்டினார். பங்குனியில் ஒரு நாள், சாமி கிடாப் படங்களை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார். அவர் டீ சொல்லப் படியிறங்கிய நேரத்தில் பெரியநாயகி cd saami அடித்தாள்.

கம்ப்யூட்டர் பேசியது. இது ஃபோல்டர் அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

ஜெர்லினுக்குப் போன் போட்டாள். ஜெர்லின் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள், இவள் அடித்து அடித்து வந்ததைச் சொன்னாள். பிறகு மறுமுனையில் டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்டது.

"அக்கா, saami-ன்னு பட்டி போட்டீங்களா?"

"சாமிக்கு உட்டதை யாராச்சும் பட்டியில அடைப்பாங்களா கண்ணு?"

ஜெர்லின் சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கிடா நேர்ந்து விடுவது அவளுக்குத் தெரியும். அதை அடைக்க மாட்டார்கள் என்பது தெரியாது.

"அப்படி ஒரு இடம் இல்லாததால அது பேர் மாத்தச் சொல்றீங்கன்னு எடுத்துக்கிச்சுக்கா. முதல் படத்துக்கு saami-ன்னு பேர் வெச்சுடுச்சு. ரெண்டாவதுக்கும் அதே பேர். அப்ப முதல்ல இருந்தது போயிடும். இப்படியே போயி கடைசியா அனுப்பினது ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப ஏன் கண்ணு அது ஒண்ணுமே சொல்லல?"

"அதைப் பொறுத்தவரைக்கும் தப்பே நடக்கலக்கா. நீங்க சொன்னதைத்தான் செஞ்சுது."

கடைசியாக அனுப்பியது பச்சமுத்துவின் கிடா. மற்ற எட்டும் போய், தன் வீட்டுக் கிடா மட்டும் நிற்கிறது. இதை வெளியில் சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்பது பெரியநாயகிக்கு விளங்க வெகுநேரம் ஆகவில்லை. டீயோடு வந்த குருமூர்த்தியிடம், ஏதோ கோளாறு, சரிபண்ணக் கடையிலிருந்து வருவார்கள் என்றாள். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஜெர்லின் பஸ் ஏறி மேச்சேரிக்கு வந்தாள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது அன்றுதான். போனதை மீட்கிற மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடமெல்லாம் திருவிழா வீடியோக்கள் ஏறிப் படுத்திருந்தன. கிடாக்களின் சுவடுகூட இல்லை.

"பேசலன்னா சரின்னு நான்தானக்கா சொன்னேன். பாதிதான் சொல்லியிருக்கேன்" என்றாள் ஜெர்லின். "mv-க்குப் பின்னால -i போட்டா, இருக்கறது மேல ஏறி உக்காரறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கும். அதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"பட்டி போடாதது நாந்தான கண்ணு" என்றாள் பெரியநாயகி.

வீட்டுக்கு வந்து பச்சமுத்துவிடம் சொன்னாள். அவன் படலுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"செவலக் கிடா எல்லாம் ஒண்ணாட்டந்தான் இருக்கும். வேற எதாச்சும் எட்டைப் புடிச்சு வெச்சுரு. வாரவனுக்கு என்ன தெரியும்?"

"வாரவனுக்குத் தெரியாதுங்க."

அவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெளையாட்டுக்குச் சொன்னேன் புள்ள" என்றான், சற்றுக் கழித்து. பாதிதான் விளையாட்டு என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் குருமூர்த்தியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கீழே தீவனக் கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உங்கூட்டுக் கிடா மட்டும் இருக்குதா?"

"ஆமாங்கண்ணா."

"நீ சொல்றதுக்கு மின்ன நானாக் கண்டுபுடிச்சிருந்தா இந்தப் பேச்சு வேற மாரி போயிருக்கும்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "எட்டு ஊட்டுக்கும் நீயே போ. நீயே சொல்லு. அவங்கவங்க போனுல என்ன இருக்குதோ வாங்கிட்டு வா."

போனாள். வெயில் ஏறியிருந்த பங்குனி அது. சிலர் வைதார்கள். ஒரு வீட்டில், "உன்னுது மட்டும் எப்பிடிம்மா பொழச்சுது" என்று அவள் எதிர்பார்த்த கேள்வியை எதிர்பார்த்த குரலிலேயே கேட்டார்கள். கடைசியில் வைத்ததால் நின்றது என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரே விளக்கத்தைச் சொன்னாள். நம்பினார்களா என்று நின்று பார்க்கவில்லை. நாலு வீடுகளில் படம் போனிலேயே இருந்தது. ஒருவரின் மகன் திருப்பூரிலிருந்து அனுப்பினான். காதுகுத்துக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றில், மாமன்மார்கள் வரிசைக்குக் கீழே, கிடாவும் முழுசாக நின்றது. பேனர் இப்போது மாட்டுக் கொட்டகைக்குக் கூரை. அவள் ஏணி போட்டு ஏறிப் படம் எடுத்தாள். ஒரு வீட்டில் கிடைத்தது கிடாவின் பின்பக்கம் மட்டும்தான்.

"இது போதுமா?" என்று கேட்டார்கள்.

"வாலு நல்லாத் தெரியுதுங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ஏழு கிடைத்துவிட்டது. மிச்சம் கந்தன். அவரிடம் இருந்தது பட்டன் போன். அவருடைய கிடாவைக் குருமூர்த்தியின் போனில்தான் எடுத்திருந்தார்கள். அவளுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் கடைசியாகப் போனாள்.

மத்தியானம். அறுவடை முடிந்த காட்டில் ஒரு வேலமர நிழலில் கந்தன் உட்கார்ந்திருந்தார். பட்டிக்குள் ஆடுகள் ஒன்றின் நிழலில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு படுத்திருந்தன.

"வா அம்மிணி. பேன் காத்துல இருக்கறவ வெயில்ல வந்திருக்கற."

அவள் நின்றபடியே சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நாப்பது வருசமா காடு மேடெல்லாம் ஓட்டிட்டுப் போறேன். ஒரு குட்டி தொலஞ்சதில்ல. நீ ஒக்காந்த எடத்துலயே ஒம்பதையும் தொலச்சிட்ட."

"எட்டுங்க மாமா. ஏழு கெடச்சிருச்சு."

"எது கெடைக்கல?"

"உங்களுதுங்க."

கந்தன் பதில் சொல்லவில்லை. பட்டியும் சத்தமில்லாமல் கிடந்தது. இந்தச் சத்தமின்மைக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த முறை அதை முடிவு செய்துகொண்டு கிளம்பவும் அவள் தயாராக இல்லை. நின்றாள்.

"உங்கூட்டுது மட்டும் நிக்குதா?"

"அத நான் கடைசியா வெச்சனுங்க."

"ஊட்டுல கடைசியாத் திங்கறவளுக்குச் சோறு நிக்காது. உனக்கு நின்னிருக்குது." அவர் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் கிடந்த சாக்கை நகர்த்திப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். "எங்கூட்டுக் குட்டிக இனி கறிக்குத்தான், அப்பிடித்தான?"

"அப்பிடி உடமாட்டேன்னு சொல்ல வரலீங்க மாமா. என்ன நடந்துச்சோ அத எழுதி வெக்கறேன். கிடாவப் பாத்தவங்க பேரையும் எழுதறேன். நம்பறதும் நம்பாததும் வாரவங்க பாடு."

கந்தன் ஆட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "எழுது" என்றார்.

அன்று மாலை, அதுவரை தனிப் பட்டி இல்லாத கந்தனுக்காக அவள் mkdir kandan என்று அடித்தாள். ls போட்டதும் பட்டி நீல நிறத்தில் வந்தது. உள்ளே வைக்கப் படம் இல்லை. ஒரு சிறு குறிப்பைத் தட்டச்சு செய்து வைத்தாள். 'தகப்பன் கிடாவின் படம் சங்க அலுவலகத்தில் என் தவறால் அழிந்துவிட்டது. கிடாவை நேரில் அறிந்தவர்கள்' என்று தொடங்கி, கீழே ஊர்க்காரர்கள் சிலரின் பெயர்கள்.

சித்திரையில் கரூர்ப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். கேட்ட படமெல்லாம் கேட்ட உடனே திரையில் வந்தது. பின்பக்கக் கிடாவைப் பார்த்து ஒருவர் சிரித்தார், ஆனால் அதன் குட்டியை வாங்கினார். கந்தனின் பட்டிக்கு வந்தபோது, வந்தவர்களில் மூத்தவர் குறிப்பை நிதானமாகப் படித்தார்.

"இது யாரு எழுதுனதுங்க?"

"நாந்தானுங்க."

"எழுதாம எதாச்சும் ஒரு படத்தை வெச்சிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

"தெரியுமுங்க."

அவர் தலையாட்டினார். கந்தனின் குட்டியைக் காட்டுக்கே போய்ப் பார்த்தார், தடவிப் பார்த்தார், நல்ல குட்டி என்றார். வாங்கவில்லை. உண்மை சொன்னவருக்கு உடனே கைமேல் பலன் கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கிடைக்கவும் இல்லை. மற்ற எட்டு வீட்டுக் குட்டிகளும் இனத்துக்குப் போயின.

எல்லாரும் போனபின் குருமூர்த்தி மேசை மேல் இருந்த டீ கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். "வைகாசியில ஆத்தூர்ப் பக்கமிருந்து வாராங்களாம். அதுக்குள்ள பொட்டை ஆட்டுப் படத்தையும் ஒழுங்கு பண்ணிரு" என்றார். பேசிக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப் போட்டிருந்த பேச்சு இவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் தீவனக் கடை வாசலில் ஓர் ஆடு கத்தியது. விடாமல் கத்தியது. பெரியநாயகி எட்டிப் பார்த்தாள். கீழே கந்தன், கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் அந்த மூத்தவர் வாங்காமல் விட்டுப் போன கிடாக்குட்டி. குட்டி என்பது பேச்சுக்குத்தான். நெஞ்சு அகன்று நின்றது.

"எறங்கி வா அம்மிணி. படியேற மாட்டீங்குது."

அவள் இறங்கினாள். கிடாவின் காதைப் பார்த்தாள். வெட்டு இல்லை.

"வெல போகலன்னதும் இவனைச் சாமிக்கு உடறேன்னு சொன்னீங்களே மாமா."

"முனியப்பங்கிட்டச் சொல்லியாச்சு. அடுத்த ஈத்துல இவம் மவன் ஒருத்தனைத் தர்றதாப் பேச்சு. இவன் பட்டியில இருக்கட்டும்." கயிற்றை இழுத்துக் கிடாவைப் பக்கவாட்டில் நிறுத்தினார். "அவம் படந்தான் போச்சு. இவம் புள்ளைகளுக்காச்சும் தகப்பன் மூஞ்சி தெரியோணுமில்ல. எடு."

மூன்று முறை எடுத்தாள். கயிற்றைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு, கந்தன் அவள் பின்னால் படியேறி வந்தார். பொங்கலுக்கு முன் இறங்கிப் போனவர் இப்போதுதான் ஏறுகிறார். நாற்காலியில் உட்காராமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் நல்ல படம் ஒன்றைப் போனிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கந்தன் பட்டி ஏற்கெனவே இருந்தது. இருந்தாலும் முதலில் ls போட்டு, அது நீல நிறத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டாள். mv அடிக்கவில்லை, cp அடித்தாள். ஒரு பிரதி உள்ளே போகும், ஒன்று வெளியே நிற்கும். பின்னால் -i சேர்த்தாள். என்டர்.

கருப்புத் திரையில் கட்டம் கண் சிமிட்டியது.

"என்ன சொல்லுது?" என்றார் கந்தன்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க மாமா."

"அப்பறம்?"

"நாந்தான் போய்ப் பாக்கோணும்" என்று சொல்லி, அவள் பட்டிக்குள் போய் ls அடித்தாள். பழைய குறிப்புக்குக் கீழே கிடாவின் பெயர் நின்றது. கந்தனுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தை, மாலையில் பட்டி வாசலில் நின்று பார்க்கிற மாதிரி, குனிந்து பார்த்தார். கீழே கிடா இன்னும் கத்திக்கொண்டிருந்தது.